கரையில் திறக்கிறது, அலுவலகத்தில் திறக்கவில்லை

மண்டபம் என்ற கடற்கரை ஊரில் நண்டும் இறாலும் வாங்கிப் பதப்படுத்தி அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்தின் கணினி வேலைகளை நான் கவனித்துவருகிறேன். படகுகள் வந்ததும் கரையில் நிற்கும் பணியாளர் எடையையும் விலையையும் கைப்பேசியில் பதிவார். அந்தப் பதிவு அலுவலகத்துப் பின்னறையில் இருக்கும் சர்வருக்கு வந்து சேரும். இதற்காக ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து ஒரு போர்ட் எண்ணுக்கு வரும் இணைப்பை உள்ளிருக்கும் கணினிக்குத் திருப்பிவிடும் விதி) அமைத்து, நிறுவனத்தின் டொமைன் பெயரை அதன் நிலையான பொது முகவரியோடு (இணையத்தில் வெளியே தெரியும் ஐபி எண்ணோடு) இணைத்திருந்தோம். மொபைல் டேட்டாவில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதே பணியாளர் அலுவலகத்துக்குள் வந்து வைஃபையில் இணைந்தால் மட்டும், பக்கம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுத் திறக்காமல் நின்றுவிடும்.

புதிய சர்வர் வாங்க வேண்டுமா என்று உரிமையாளர் கேட்டார். கணக்கர், கேபிள் முனை அரித்திருக்கும் என்றார். இந்தக் கரையில் எது பழுதானாலும் முதல் பழி உப்புக்காற்றின் மேல்தான் விழும். இரண்டுமே காரணம் அல்ல. வெளியிலிருந்து திறக்கும் சர்வர் உள்ளிருந்து அதே பெயரில் திறக்கவில்லை என்றால், பார்க்க வேண்டிய இடம், பொது முகவரிக்கும் உள் முகவரிகளுக்கும் இடையே ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம்தான்.

நடப்பது இதுதான். சர்வரின் உள் முகவரி 192.168.1.5 என்றும், வைஃபையில் இருக்கும் கைப்பேசி 192.168.1.20 என்றும், பொது முகவரி 203.0.113.10 என்றும் வைத்துக்கொள்வோம் (கடைசியில் உள்ளது எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசையைச் சேர்ந்தது). கைப்பேசி 203.0.113.10-ஐ நோக்கி அனுப்பும் பாக்கெட்டை (தரவுத் துண்டை) ரவுட்டர் பெற்று, சேருமிட முகவரியை 192.168.1.5 என்று மாற்றிச் சர்வருக்கு அனுப்புகிறது. அனுப்புநர் முகவரியை அது தொடுவதில்லை. சர்வர் பார்க்கும்போது அனுப்புநர் தன் சொந்த வலையமைப்பிலேயே இருப்பதால், ரவுட்டரைக் கேட்காமல் பதிலை நேரடியாகக் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறது. கைப்பேசியோ 203.0.113.10-இன் பதிலுக்காகக் காத்திருக்கிறது; 192.168.1.5-இலிருந்து வந்த பதிலைத் தான் கேட்காத ஒன்றாகக் கருதித் தள்ளிவிடுகிறது. சர்வர், கைப்பேசி, கேபிள் என்று எல்லாமே நலமாக இருந்தும் இணைப்பு மட்டும் உருவாவதில்லை.

சில ரவுட்டர்களில் இந்த அளவுக்குக்கூடப் போகாது. போர்ட் ஃபார்வர்டிங் விதி இணையப் பக்கத்து இடைமுகத்தில் நுழையும் பாக்கெட்டுகளுக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருந்தால், உள்ளிருந்து வருபவை அந்த விதியில் சிக்காமல் ரவுட்டரிடமே நின்றுவிடும். நம் பக்கத்துக்குப் பதிலாக ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் தோன்றுவது இதனால்தான்.

இதற்கான நேரடி மருந்து ஹேர்பின் என்று அழைக்கப்படும் ஏற்பாடு. ரவுட்டர் சேருமிட முகவரியோடு அனுப்புநர் முகவரியையும் தன்னுடையதாக மாற்றிவிட்டால், சர்வரின் பதில் ரவுட்டர் வழியாகவே திரும்பியாக வேண்டும். முகவரி மாற்றும் கருவிகள் இதைச் செய்ய வேண்டும் என்று, ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தரநிலை ஆவணங்களில் 2007-இல் வந்த 4787 யுடிபி-க்கும், 2008-இல் வந்த 5382 டிசிபி-க்கும் (இவை இரண்டும் தரவை அனுப்பும் முறைகள்) விதித்துள்ளன. ஆனாலும் எல்லாக் கருவிகளும் இதைத் தாமாகச் செய்வதில்லை. மைக்ரோடிக் ரவுட்டர்களில் இதற்கான விதியை நாமேதான் எழுத வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளில் போர்ட் ஃபார்வர்டிங் அமைக்கும்போதே இது இயல்பாக இயங்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. உள்ளிருந்து வரும் எல்லா இணைப்புகளும் சர்வரின் பதிவேட்டில் ரவுட்டரின் முகவரியிலேயே பதிவாகும். ஒரு எடைப் பதிவை எந்தக் கணினியிலிருந்து திருத்தினார்கள் என்ற கேள்வி எழும் நாளில் அந்தப் பதிவேடு உதவாது. மீன் வியாபாரத்தில் அந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை.

பலர் பரிந்துரைக்கும் மாற்று வழி, அலுவலகத்துக்குள் மட்டும் அந்தப் பெயருக்கு 192.168.1.5 என்ற விடை கிடைக்குமாறு உள் டிஎன்எஸ்-ஐ (பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் சேவையை) அமைப்பது. பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ் பெயருக்கு வழங்கப்படுவதால் அதில் சிக்கல் வராது. ஆனால் வெளியே 8443 என்ற போர்ட்டைத் திறந்து உள்ளே 443-க்குத் திருப்பியிருந்தால் இந்த வழி பயன்படாது, ஏனெனில் டிஎன்எஸ் போர்ட்டை மாற்றுவதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் யாராவது பிரைவேட் டிஎன்எஸ்-இல் வெளிச் சேவையொன்றைக் குறிப்பிட்டிருந்தாலும், அந்தக் கைப்பேசி உள் டிஎன்எஸ்-இடம் வராமலே போய்விடும்.

நான் விரும்புவது மூன்றாவது வழியை: சர்வரை 192.168.2.0 போன்ற தனி வலையமைப்பில் வைத்துவிடுவது. அப்போது பதில் ரவுட்டர் வழியாகத் திரும்புவதைத் தவிர வேறு பாதை இல்லை என்பதால் அனுப்புநர் முகவரியை மாற்றத் தேவையில்லை. பதிவேட்டிலும் உண்மையான முகவரிகள் நிற்கும். சேருமிடத்தை மாற்றும் விதி மட்டும் உள்ளிருந்து வருபவற்றுக்கும் பொருந்த வேண்டும். வேலை கொஞ்சம் கூடுதல்தான், ஆகவே முதலில் ஹேர்பின் விதியைப் போட்டு நிலைமையைச் சமாளித்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் பதிவு வேலை குறைந்திருந்தது. சர்வரை அப்போது தனி வலையமைப்புக்கு மாற்றினோம்.

சோதித்துப் பார்ப்பவர்கள், ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை நம்ப வேண்டாம். பொது முகவரிக்கு உள்ளிருந்து பிங் அனுப்பினால் பெரும்பாலும் ரவுட்டரே பதில் சொல்லிவிடும். சர்வர் அணைந்திருந்தாலும் அந்தப் பதில் வரும். டொமைன் பெயரையும் போர்ட்டையும் கொடுத்து, ஒருமுறை மொபைல் டேட்டாவிலும் ஒருமுறை வைஃபையிலும் திறந்து பார்ப்பதே சரியான சோதனை.