கொக்கி ஏறவே இல்லை

அக்டோபர் 3
டோபி ஹூப்பர் இயக்கிய திகில் படம் 'த டெக்சாஸ் செயின்சா மாசக்கர்' (1974), 83 நிமிடம். பார்த்தவர்களைக் கேட்டால் ஒரே ரத்தக்களரி என்பார்கள். ஷாட் ஷாட்டாக நிறுத்திப் பார்த்தால் ரத்தம் சொற்பம். கொக்கிக் காட்சியில் கொலைகாரன் லெதர்ஃபேஸ் ஒரு பெண்ணைத் தூக்குகிறான், அடுத்த ஷாட்டில் அவள் தொங்குகிறாள். கொக்கி முதுகில் ஏறுவது எங்குமே இல்லை. நடிகையைத் தாங்கியது தொடைகளுக்கு நடுவே ஓடிய நைலான் கயிறு. அது அறுத்த வலி முகத்தில் நிஜமாகவே தெரிகிறது. கீழே ஒரு தொட்டி. அது எதற்கு என்று யோசிக்கும்போதே மீதி ரத்தத்தை நாமே ஊற்றிக்கொள்கிறோம்.

அக்டோபர் 4
ரத்தத்தைக் குறைத்தால் அமெரிக்காவில் 'பிஜி' சான்றிதழ் (பெற்றோர் வழிகாட்டுதலோடு சிறுவரும் பார்க்கலாம்) கிடைக்கும் என்பது ஹூப்பர் போட்ட கணக்கு. கிடைத்தது 'ஆர்' (17 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் துணை வேண்டும்). பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் 1975இல் சான்றிதழே தரவில்லை. கத்தரி வைத்தும் பார்த்தார்கள்; எதை வெட்டினாலும் பயம் அப்படியே நின்றது. 1999இல் வெட்டே இல்லாமல் விட்டார்கள்.

அக்டோபர் 7
அரை மணி நேரத்துக்கு மேல் கொலையே கிடையாது. பிறகு வாசலில் திடீரென ஒருவன், கையில் சுத்தியல். ஒரே அடி. விழுந்தவன் கால்கள் உதறுகின்றன. உள்ளே இழுத்து, இரும்புக் கதவைப் படாரென்று சாத்துகிறான். அடிக்கு முன் உஷார்படுத்தும் இசை இல்லை, முகத்துக்கு குளோசப் இல்லை, கேமரா எட்டவே நிற்கிறது. நகலெடுப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்: வயலினை முன்கூட்டியே இழுத்துவிடுவார்கள், பார்ப்பவன் தயாராகிவிடுவான்.

அக்டோபர் 8
16 எம்எம் ஃபிலிமில் எடுத்து 35 எம்எம்முக்குப் பெரிதாக்கியது. அந்தப் புள்ளிபுள்ளியான, செய்திப்படம் போன்ற தோற்றம் பாதி அதனால் வந்தது. ஃபிலிம் வேகம், அதாவது ஒளியை வாங்கும் திறன், வெறும் 25 ஏஎஸ்ஏ. அறைக்குள் விளக்கு ஏராளமாக வேண்டும். விருந்துக் காட்சி இரவில் நடப்பதாகக் கதை, எடுத்தது பகலிலும். ஜன்னல்களை மூடி, டெக்சாஸ் கோடையில், ஒரே மூச்சில் 26 மணி நேரம். தாத்தா வேடக்காரர் அந்த மேக்கப்பை இன்னொரு முறை போட மாட்டேன் என்றதால் நிறுத்த வழியில்லை. மேசை மேலிருந்த இறைச்சி விளக்குச் சூட்டில் அழுகியது. அந்த முகங்களில் இருப்பதில் நடிப்பு எவ்வளவு, குமட்டல் எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

அக்டோபர் 11
விரலைக் கீறும் ஷாட்டில் கத்தியோடு இணைத்த ரத்தக்குழாய் வேலை செய்யவில்லை. லெதர்ஃபேஸாக நடித்த கன்னர் ஹேன்சன், நாயகி மரிலின் பர்ன்ஸின் விரலை நிஜமாகவே கீறிவிட்டார். பாராட்டத் தோன்றவில்லை. இறுதியில் செயின்சா (மோட்டார் ரம்பம்) தொடையில் விழும் ஷாட்டுக்கு முறையாக ஏற்பாடு செய்திருக்கிறார்கள்: இரும்புத் தகடு, மேலே இறைச்சித் துண்டு, ரத்தப் பை. ரம்பம் சதையில் இறங்குவது பளிச்சென்று தெரிவது அங்கே மட்டும்தான். அறுபடுவதும் அதைப் பிடித்திருப்பவனின் தொடை.