கோட்டைச் சுவருக்கு ஒரு பிரஷ்

மே 6, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டது. வேலூரில் இனி பகலில் வெளியே தலைகாட்ட முடியாது என்பதால் லேப்டாப், பென் டேப்லெட் சகிதம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன். 1806-ல் எங்கள் வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சி பற்றி நண்பர் ஒருவர் பிள்ளைகளுக்கான படப்புத்தகம் போடுகிறார். படங்கள் என் பொறுப்பு. ஜூலை 10-க்கு முன்னால் அச்சாகி வந்துவிட வேண்டும், புரட்சி நடந்த நாள் அதுதானே.

ஆட்கள் வந்துவிட்டார்கள், துப்பாக்கி வந்துவிட்டது. கோட்டைச் சுவர்தான் வரவில்லை. நான் வரைகிற கிரிட்டா மென்பொருளில் இருக்கிற பிரஷ்களால் தீட்டினால் நேற்றுக் கட்டி வெள்ளையடித்த காம்பவுண்டு போல நிற்கிறது. கருங்கல்லுக்கென்று யாராவது பிரஷ் செய்து வைத்திருப்பார்கள், தேட வேண்டும்.

மே 7, புதன்

நாள் முழுக்கத் தேடல். பிரஷ் கிடைப்பது கஷ்டமில்லை, நம் மென்பொருளுக்கு ஒத்துவருவதுதான் கிடைப்பதில்லை. ஐபேடில் புரோகிரியேட் என்ற வரைகிற ஆப் வைத்திருப்பவர்கள் பகிர்வது பிரஷ்செட் என்ற ஃபைல், கிளிப் ஸ்டுடியோ என்ற இன்னொரு மென்பொருள்காரர்களுடையது சட். இரண்டையும் கிரிட்டா திறக்காது. நமக்கு உதவுவது பல பிரஷ்களை ஒன்றாகக் கட்டிய கிரிட்டாவின் சொந்த பண்டில், தனி பிரஷ்ஷான கேபிபி, ஜிம்ப்பின் ஜிபிஆர், போட்டோஷாப்பின் ஏபிஆர். இறக்குவதற்கு முன்பே ஃபைல் பெயரின் வாலைப் பார்த்துவிட்டால் பாதி நேரம் மிச்சம்.

ஒரு தளத்தில் டவுன்லோட் என்று பச்சைப் பொத்தான்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை அழுத்தினால் ஈஎக்ஸ்ஈ ஃபைல் வருகிறது. இந்த மென்பொருள்களுக்கான பிரஷ் எதுவும் அப்படி வராது. அதை அப்படியே அழித்துவிட்டேன்.

உரிமத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. விலைக்கு விற்கப்போகும் புத்தகம் என்பதால் ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று போட்டிருந்ததை எல்லாம் ஒதுக்கினேன். தாவீத் ரெவுவா என்ற பிரெஞ்சு ஓவியர் கிரிட்டாவுக்காகப் பல பிரஷ் தொகுப்புகளை இலவசமாகவே கொடுத்திருக்கிறார். அதில் ஒன்றும், பாறை என்று பெயர் போட்ட ஏபிஆர் ஒன்றும் இறக்கியாயிற்று.

மே 8, வியாழன்

இன்ஸ்டால் செய்வது அஞ்சு நிமிஷ வேலை. செட்டிங்ஸ் மெனுவில் மேனேஜ் ரிசோர்ஸ் லைப்ரரீஸ், அதில் இம்போர்ட், ஃபைலைக் காட்டினால் முடிந்தது. ஜிப்பாக வந்திருந்தால் முதலில் பிரித்துவிட வேண்டும். தனி கேபிபி என்றால் பக்கத்திலேயே இருக்கிற மேனேஜ் ரிசோர்சஸ். இதெல்லாம் கிரிட்டா 5-க்கு. பழைய பதிப்புக்காக எழுதிய குறிப்புகளில் மெனு வேறு மாதிரி இருக்கும்.

பண்டில் சமர்த்தாக வந்து உட்கார்ந்தது. ஏபிஆரைப் போட்டால் பிரஷ் வரிசையில் ஒன்றையும் காணோம். எஃப்5 அழுத்தி பிரஷ் எடிட்டரைத் திறந்து, பிரீடிஃபைன்ட் என்கிற இடத்துக்குப் போனால் பாறை முனைகள், அதாவது பிரஷ் ஒற்றுகிற அச்சுகள், எல்லாம் அங்கே இருக்கின்றன. போட்டோஷாப்பிலிருந்து முனையின் உருவம் மட்டும்தான் வருகிறது. அழுத்தினால் பெரிதாவது, கோட்டோடு திரும்புவது, சிதறுவது எதுவும் கூட வராது. கோல அச்சு வந்துவிட்டது, போடுகிற கை வரவில்லை. அதை நாமேதான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

அமைத்தும் பார்த்தேன். நல்ல பாறைதான், ஆனால் எந்த ஊர்ப் பாறையோ! அடுக்கடுக்காகப் பிளந்த கல். நம் கோட்டையில் இருப்பது புள்ளி புள்ளியாகச் சொரசொரக்கும் கருங்கல்.

மே 11, ஞாயிறு

விடிந்ததும் கோட்டைக்குப் போனேன். அகழியோரம் நடைப்பயிற்சிக் கூட்டம். காலை வெயில் சுவரில் சாய்வாக விழும்போது உளி கொத்திய ஒவ்வொரு பள்ளமும் நிழலோடு தெரிகிறது. உச்சிவெயிலில் எடுத்தால் எல்லாம் தட்டையாகிவிடும். கல்லை நேருக்கு நேராக, நெருங்கி, போனிலேயே படம் எடுத்துக்கொண்டேன். ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, “இன்னாப்பா, சொவுத்துல இன்னா கீது?” என்றார். பிரஷ் செய்யப்போகிறேன் என்று சொன்னால் பல் தேய்க்கவா என்பார். புத்தகத்துக்கு என்றதும் போய்விட்டார்.

மே 12, திங்கள்

இன்றைக்குத்தான் உருப்படியான வேலை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சம், இருட்டைச் சரிசெய்கிற லெவல்ஸில் இழுத்து, நடுச்சாம்பல் அதிகம் இல்லாமல் செய்தேன். முனையில் கறுப்பு இருக்கும் இடம்தான் வண்ணம் போடும், வெள்ளை போடாது. ஓரத்தைச் சதுரமாக விட்டால் ஒவ்வொரு ஒற்றலிலும் கட்டம் தெரியும். அதனால் விளிம்பு முழுவதையும் கோணல்மாணலாக அழித்தேன். ரொம்ப நேரம் பிடித்தது அதற்குத்தான்.

ஒரே முனை என்றால் அதே பள்ளம் திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு ஜிஐஹெச் இருக்கிறது, பல முனைகளை ஒரே ஃபைலில் வைக்கிற வகை. ஒவ்வொரு லேயரிலும் ஒரு கல், எக்ஸ்போர்ட் செய்யும்போது ரேண்டம். பேனாவை இழுக்க இழுக்கக் கல் மாறி மாறி விழுகிறது. ரொட்டேஷனில், ஒவ்வொரு ஒற்றலையும் இஷ்டத்துக்குத் திருப்புகிற ஃபஸி டேப் போட்டதும் திசையும் கலைந்தது. ஒற்றல்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியான ஸ்பேசிங்கைக் கொஞ்சம் கூட்டினேன், நெருக்கமாக விழுந்தால் எல்லாம் குழைந்து கறுப்பாகிவிடுகிறது.

நடுவில் கரண்ட் போனது. லேப்டாப்பில் பேட்டரி இருந்ததால் தப்பித்தது.

மே 14, புதன்

குடியாத்தத்திலிருந்து சித்தி மகள் வந்திருந்தாள். அவளும் வரைகிறவள். என் பிரஷ் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இன்னாண்ணா, கடை வைக்கப் போறியா?” என்றாள். வாஸ்தவம்தான். வந்த தொகுப்புகளை லைப்ரரியில் டீஆக்டிவேட் செய்துவிட்டு, வேண்டியதற்கு மட்டும் ‘கோட்டை’ என்று டேக் போட்டேன். வலது கிளிக்கில் வரும் வட்டத்தில் இப்போது அவை மட்டும்தான்.

கல் பிரஷ் அவளுக்கும் வேண்டுமாம். முனையும் அமைப்பும் சேர்ந்தே போகட்டும் என்று பண்டிலாகக் கட்டிக் கொடுத்தேன். இனி அகழித் தண்ணீர் பாக்கி. அதற்கு கிரிட்டாவில் இருக்கிற வாட்டர்கலர் பிரஷ்களே போதும், தேடப் போவதில்லை.