எரிச்சலே இல்லாமல் வந்த சிறுநீர்த் தொற்று

எனக்கு எரிச்சல் இல்லை, கடுப்பு இல்லை, காய்ச்சலும் இல்லை. அதனால் கர்ப்பத்தின் நான்காம் மாதம் எடுத்த யூரின் கல்ச்சரில் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, ரிப்போர்ட் மாறிப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கணக்கு எழுதுகிறேன். அங்கே கழிப்பறை இரண்டு. ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, இன்னொன்றில் மதியத்துக்கு மேல் தண்ணீர் வராது. காலையில் வீட்டில் போய்விட்டு வந்தால், மறுபடி சாயங்காலம் பஸ் இறங்கி வீட்டுக்குப் போனபிறகுதான். போக வேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டேன். வருஷக்கணக்கில் இதுதான் பழக்கம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கர்ப்ப காலத்தில் கூடும் புரோஜெஸ்டிரோன், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்களைத் தளர்த்திவிடும். வளரும் கருப்பையும் அழுத்தும். நீர் முழுசாக வெளியேறாமல் தேங்கும், தேங்கினால் கிருமி பெருகும். பெரும்பாலும் அது நம் குடலிலேயே இருக்கும் ஈ.கோலை என்ற கிருமி. 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்குமாம். விட்டுவிட்டால் சிறுநீரகம் வரை ஏறலாம், குறைமாதப் பிரசவத்துக்கும் வழியாகலாம். குளிர்காய்ச்சலோ விலாப்பக்கம் வலியோ வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்.

உண்மையில் அது என் இரண்டாவது சாம்பிள். முதல் தடவை பாட்டிலை அப்படியே நிரப்பிக் கொடுத்தேன். பல கிருமிகள் கலந்திருக்கிறது, திரும்பத் தரவேண்டும் என்றார்கள். லேபில் இருந்த சிஸ்டர்தான் சொல்லித்தந்தார்: கையை சோப்புப் போட்டுக் கழுவி, கீழேயும் தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட வேண்டும். நடுவில் வருவதை மட்டும், பாட்டிலின் உள்பக்கம் கைபடாமல் பிடிக்க வேண்டும். பிடித்தவுடன் லேபில் கொடுத்துவிட வேண்டும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் லீவு மிச்சம்.

"சூடு பிடிச்சிருக்கு மக்களே, அக்கானி குடி" என்றார் மாமி. அக்கானி என்றால் பதநீர். எனக்குச் சர்க்கரை இல்லாததால் டாக்டர் தடுக்கவில்லை. ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அது ஆகாது என்று அழுத்திச் சொன்னார். ஆபீசில் ஓர் அக்கா, தனக்கு முன்பு கொடுத்து மிச்சமிருந்த மாத்திரையை நீட்டினார். நல்ல மனசுதான், ஆனால் நான் வாங்கவில்லை. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று கல்ச்சர் பார்த்துத்தான் தருகிறார்கள். சில மருந்துகள் சில மாதங்களில் கர்ப்பிணிக்கு ஆகாது.

7 நாள் மாத்திரை. மூன்றாம் நாளே ஓக்காளம். ஒரு தொந்தரவும் இல்லாத உடம்புக்கு எதற்கு மருந்து என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சாப்பிட்டவுடன் விழுங்கி ஒருவழியாக முடித்தேன். முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடி கல்ச்சர். கிருமி இல்லை. அப்புறமும் பிரசவம் வரை இடையிடையே பார்த்தார்கள்.

திரும்ப வராமலிருக்க, நாளைக்கு எட்டுப் பத்து டம்ளர் தண்ணீர். முட்டாவிட்டாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய், அவசரப்படாமல் முழுசாகப் போகவேண்டும். கழுவுவது முன்னாலிருந்து பின்னால். பருத்தி உள்ளாடை. கணவருடன் சேர்ந்தபிறகு உடனே போய்வர வேண்டும் என்பதையும் டாக்டர் கூச்சப்படாமல் சொன்னார். இதை நம் வீடுகளில் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை, சொல்லவேண்டும்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது ஆபீசில் கேட்பதுதான். தோலுரிக்கும் அக்காமார் மூன்று பேர் கூட வந்தார்கள். அவர்களுக்கும் அதே பாடுதானே. மேனேஜரிடம் தாழ்ப்பாளும், தண்ணீர் பிடித்துவைக்க ஒரு டிரம்மும் கேட்டோம். அடுத்த வாரமே வந்தது.

இப்போது அந்த மூன்று பேரில் ஒருத்திக்கு நான்காம் மாதம். நாளைக்கு அவளுக்குக் கல்ச்சர். நடுவில் வருவதைப் பிடிக்கவேண்டும் என்று இன்றைக்கே இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.