உடம்பில் ஒரு உண்ணிகூட இல்லையே!

எங்கள் நாய் கருப்பன் சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே கதை. அழைப்புமணி அடித்தால் வீடே அதிரக் குரைப்பவன், அன்றைக்குத் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான்.

"உண்ணிக் காய்ச்சலா இருக்குமோ?" என்று முதலில் கேட்டது தங்கைதான். காதை மடக்கி, கால்விரல் இடுக்கு, அக்குள், வாலடி எல்லாம் தடவிப் பார்த்தேன். "உடம்புல ஒரு உண்ணிகூட இல்லையே" என்று கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன். அந்தப் பேச்சில் இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் அவன் படுத்திருந்த இடத்தில் இரண்டு சொட்டு ரத்தம். மூக்கிலிருந்து.

டாக்டர் உண்ணியைத் தேடவே இல்லை. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தது. மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றில் முடி குறைந்த இடத்தைக் காட்டினார். குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். நானாக இருந்தால் கொசுக்கடி என்று சொல்லியிருப்பேன். தோலுக்கடியில் ரத்தம் கசிந்த தடமாம். தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது. காய்ச்சல் 104.5 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு 101 முதல் 102.5 வரைதான் இயல்பு.

"கடிச்சு ஒண்ணுலேருந்து மூணு வாரம் கழிச்சுதான் காய்ச்சல் வரும். அதுக்குள்ள உண்ணி ரத்தம் குடிச்சு முடிச்சு இறங்கிப் போயிருக்கும்" என்றார். சில வாரம் முன்பு அவன் காதிலிருந்து ஒன்றை விரலாலேயே பிய்த்துச் செருப்பால் நசுக்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 38,000. குறைந்தது ஒன்றே முக்கால் லட்சமாவது இருக்க வேண்டும். கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தடவிப் பார்த்ததில் கிருமி எதுவும் தென்படவில்லை. ஆனால் கிட் சோதனையில் எர்லிக்கியா என்று வந்தது, உண்ணி பரப்பும் ஒரு பாக்டீரியா. பேபீசியா என்ற இன்னொரு கிருமிக்கும் சேர்த்துப் பார்த்தார்கள். அதுவும் உண்ணி வழியாக வருவதுதான், ஆனால் சிவப்பணுக்களை உடைக்கும், சிறுநீர் கறுத்துப் போகும், மருந்தும் வேறு. நல்லவேளை, அது இல்லை.

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், 28 நாள். மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும் என்பதால் சாப்பாட்டோடு கொடுத்து, மேலே தண்ணீரும் குடிக்கவைத்தேன். நான்காம் நாளே குதிக்க ஆரம்பித்துவிட்டான். நிறுத்திவிடலாமா என்று போனில் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கிருமி உடம்புக்குள் பதுங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு மறுபடி கிளம்பும், அப்போது எலும்பு மஜ்ஜையையே கெடுத்துவிடும் என்றார். சரி, 28 என்றால் 28. (முதல் நாள் காய்ச்சலுக்கு நாங்கள் போடும் பாராசிட்டமாலைக் கொடுக்கக் கை நீண்டது. கொடுத்திருந்தால் அதுவே விஷமாகியிருக்கலாம்.)

இதற்கிடையில் வீட்டைப் பார்க்கச் சொன்னார். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவன் படுக்கைக்குப் பின்னால், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில், ஆமணக்கு விதை மாதிரி உப்பிய ஒன்று. பக்கத்தில் கசகசாவைக் குவித்துவைத்தது போல் முட்டைகள். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடுமாம். குஞ்சாக ஒரு முறை, அடுத்த பருவத்தில் ஒரு முறை, வளர்ந்து ஒரு முறை நாயின் மேல் ஏறும். மற்ற நாளெல்லாம் சுவர்தான் அதற்கு வீடு. சந்துகளை வாக்யூம் போட்டு இழுத்து, படுக்கையைக் கொதிநீரில் அலசி, விரிசல்களைப் பூசினேன். மருந்தும் அடித்தோம். முட்டை பொரிந்து வரும் என்று இடைவெளி விட்டு இன்னும் இரண்டு முறை.

கருப்பனுக்கு இப்போது மென்று தின்னும் உண்ணி மாத்திரை. தேதியைக் காலண்டரில் வட்டமிட்டிருக்கிறேன். வலிப்பு வந்த நாய் என்றால் இதைக் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பூனையும் இருக்கும் வீட்டில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த சொட்டுமருந்து கூடவே கூடாது. மாத்திரை வேலை செய்ய உண்ணி முதலில் கடிக்க வேண்டும் என்பதால், தினமும் சீப்புப் போடுவதை விடவில்லை. மாட்டினால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுக்கிறேன். மண்ணெண்ணெய், நெருப்பு எதுவும் கிடையாது.

கடைசிப் பரிசோதனையில் தட்டணுக்கள் 2,10,000. அழைப்புமணிக்குப் பழையபடி குரைக்கிறான். ஆனால் நேற்று ராத்திரி அதே சந்தில் இன்னொன்று ஊர்ந்தது. டார்ச்சை இன்னும் அலமாரிக்குள் வைக்கவில்லை.