சாசன இயக்கம்: ஆறு கோரிக்கைகளைத் தனித்தனியாகப் படிக்காதீர்கள்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்கு, இரண்டாம் தாளில் ‘பிரிட்டிஷ் ஜனநாயக அரசியல், 1815–1850’ என்று ஒரு வரி இருக்கும். நாடாளுமன்றச் சீர்திருத்தவாதிகள், தடையற்ற வணிகம் கேட்டவர்கள், சாசன இயக்கத்தினர் என மூன்று தரப்பையும் அந்த ஒரு வரிக்குள் அடைத்திருப்பார்கள். மூன்றாவது தரப்பு, வாக்குரிமை கேட்டு நாடாளுமன்றத்துக்கு மனுக்கள் கொடுத்த பிரிட்டிஷ் தொழிலாளர் இயக்கம் (Chartists). பலரும் அதை ‘ஆறு கோரிக்கை, மூன்று மனு, தோல்வி’ என்று அரைப்பக்கக் குறிப்போடு முடித்துவிடுவார்கள். தமிழில் தேர்வு எழுதியவன் என்ற முறையில், இதை நான் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன்.

தொடக்கம் 1832 சீர்திருத்தச் சட்டம்தான். அதற்காகத் தெருவில் இறங்கியவர்களில் ஏராளமானோர் தொழிலாளிகள். ஓட்டு கிடைத்ததோ நடுத்தர வர்க்கத்துக்கு. நகரத்தில் ஆண்டுக்கு 10 பவுன் வாடகை மதிப்புள்ள வீட்டில் இருக்கும் ஆணுக்குத்தான் வாக்குரிமை. அடுத்து 1834இல் ஏழைகள் சட்டத் திருத்தம். உதவி வேண்டுமா, ஏழை விடுதிக்குள் வா என்றார்கள். உள்ளே போனால் கணவன், மனைவி, பிள்ளைகளைத் தனித்தனியே பிரித்தார்கள். இந்த இரண்டு கோபத்தையும் விட்டுவிட்டு 1838இல் வந்த மக்கள் சாசனத்தை (இயக்கத்துக்குப் பெயர் தந்த, ஆறு கோரிக்கைகள் கொண்ட ஆவணம்) படித்தால் எதுவும் ஒட்டாது.

இனி ஆறு கோரிக்கைகள். 21 வயதான ஆண்கள் எல்லாருக்கும் வாக்கு, ரகசிய வாக்கெடுப்பு, வேட்பாளருக்குச் சொத்துத் தகுதி ரத்து, உறுப்பினர்களுக்குச் சம்பளம், சம அளவுத் தொகுதிகள், ஆண்டுதோறும் நாடாளுமன்றத் தேர்தல். ஒவ்வொன்றையும் எடுத்து, ‘இது மட்டும் இல்லையென்றால் என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ரகசிய வாக்கெடுப்பை எடுத்துவிடுவோம். அன்றைய வாக்காளர் மேடையருகே போய், யாருக்கு ஓட்டு என்று எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதைப் பதிவேட்டில் எழுதுவார். பல ஊர்களில் அந்தப் பதிவேட்டை அச்சிட்டு விற்கவும் செய்தார்கள். முதலாளியோ வீட்டுக்காரரோ காசு கொடுத்து வாங்கிப் புரட்டினால் போதும், யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரிந்துவிடும். அப்புறம் தொழிலாளிக்கு ஓட்டு கொடுத்து என்ன பயன்?

சொத்துத் தகுதியும் சம்பளமும் இப்படித்தான். 1710ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிராமப்புற மாவட்டத் தொகுதியில் நிற்க ஆண்டுக்கு 600 பவுன், நகரத் தொகுதிக்கு 300 பவுன் வருமானம் தரும் நிலம் வேண்டும். அந்த விதியை நீக்கினாலும், சம்பளம் இல்லாமல் ஒரு நெசவாளி லண்டனில் எதைச் சாப்பிடுவார்? ஆக, ஒன்றை விட்டால் மற்றதற்கு மதிப்பில்லை. இந்தப் பிணைப்பை இரண்டு வாக்கியத்தில் காட்டிவிட்டால், பட்டியல் மட்டும் போட்ட விடைத்தாளிலிருந்து உங்களுடையது தனியாகத் தெரியும்.

எண்களில் அதிகம் வேண்டாம். சாசனத்தை ஏற்கக் கோரி நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த 1839 மனுவில் சுமார் 12.8 லட்சம் கையொப்பம். 235க்கு 46 என்ற வாக்கில் நிராகரிப்பு. 1842இல் சுமார் 33 லட்சம், 287க்கு 49. அந்த இரண்டாவது மனு அவையின் வாசலில் நுழையாமல், பிரித்துத்தான் உள்ளே கொண்டு போனார்கள். அந்த விவாதத்தில் எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர், 1835இல் இந்தியாவுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று குறிப்பு எழுதிய அதே மெக்காலே. எல்லாருக்கும் வாக்கு என்பது சொத்துரிமைக்கு ஆகாது, சொத்துரிமை போனால் நாகரிகமே போய்விடும் என்பது அவர் வாதம். ஆளும் வர்க்கத்தின் அச்சத்தைக் காட்ட இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

1839 நவம்பரில் நடந்த நியூபோர்ட் எழுச்சியையும் (இருபதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், தலைவர் ஜான் ஃப்ராஸ்டுக்கு மரண தண்டனை விதித்து, பிறகு டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தினார்கள்) 1842 ஆலை வேலைநிறுத்தங்களையும் ஒரு வரியில் தொட்டால் போதும். இயக்கத் தலைவர்களான லவெட்டின் அறவழி, ஓகானரின் உடல்பல வழி (physical force) என்ற பிரிவை மட்டும் கறுப்பு வெள்ளையாக எழுதாதீர்கள். ஒரே ஆள் காலையில் மனுவில் கையொப்பமிட்டு, மாலையில் ஆவேசக் கூட்டத்தில் கைதட்டியிருக்கலாம்.

1848இன் மூன்றாவது மனு கொஞ்சம் கேலிக்கூத்து. ஏப்ரல் 10 அன்று லண்டனின் கென்னிங்டன் திடலில் கூட்டம்; தலைநகரின் பாதுகாப்பு வெலிங்டன் கோமகன் பொறுப்பில். 57 லட்சம் கையொப்பம் என்றார் ஓகானர். நாடாளுமன்ற எழுத்தர்கள் எண்ணியதில் 20 லட்சம்கூடத் தேறவில்லை. அதிலும் விக்டோரியா ராணி, வெலிங்டன் என்றெல்லாம் போலிப் பெயர்கள். பத்திரிகைகள் சிரித்துத் தீர்த்தன. ஆனால் எழுத்தர்களின் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் அது 1839ஐ விட அதிகம். இதைப் பலர் எழுதுவதில்லை.

‘தோல்வியா?’ என்று கேள்வி வந்தால், ஐந்து கோரிக்கைகள் பின்னால் சட்டமானதைச் சொல்லுங்கள்: சொத்துத் தகுதி ரத்து 1858, ரகசிய வாக்கு 1872, ஏறத்தாழச் சமமான தொகுதிகள் 1885, சம்பளம் 1911, ஆண்கள் அனைவருக்கும் வாக்கு 1918. ஆண்டுத் தேர்தல் மட்டும் வரவே இல்லை. ஆனால் இவை எல்லாமே இந்த இயக்கம் வாங்கித் தந்தவை என்று எழுதிவிடாதீர்கள். 1858 முதல் 1918 வரை நடுவில் வேறு கட்சிகள், வேறு காரணங்கள் உண்டு. பெண்களுக்கு வாக்கு என்ற யோசனை முதலில் எழுந்து, ஆண்களின் வாய்ப்பைக் கெடுக்கும் என்று கைவிடப்பட்டதையும் இங்கே சேர்க்கலாம்.

இதை முடித்ததும் தானியச் சட்ட எதிர்ப்புப் பகுதியை எடுங்கள். இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்டு ரொட்டி விலையை உயர்த்திய அந்தச் சட்டங்களை நீக்கச் சொன்னவர்கள்தான் தடையற்ற வணிகக்காரர்கள். ரொட்டி விலை குறைந்தால் முதலாளி கூலியையும் குறைப்பான் என்று சந்தேகப்பட்ட சாசன இயக்கத்தினர், தடையற்ற வணிகக்காரர்களின் கூட்டங்களில் புகுந்து ரகளை செய்திருக்கிறார்கள். பாடத்திட்டத்தின் அந்த வரியில் இருக்கும் இரண்டு பெயர்கள் மோதிக்கொள்வது அங்கேதான்.