கோ-கார்ட் ஃபிரேமுக்குக் குழாய் தேர்ந்தெடுத்தபோது

கல்லூரி அணிக்குக் கோ-கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டியைக் கட்டுவது என்று முடிவானதும், பேச்செல்லாம் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி எஃகைப் பற்றித்தான் இருந்தது. 4130 என்ற குரோமோலி ரகத்தைப் போட்டால்தான் பந்தய வண்டி, 1018 என்ற குறைகரிம எஃகு ரகம் சாதாரண இரும்பு என்று பலரும் நம்பினார்கள். ஃபிரேம் பொறுப்பு என்னுடையது என்பதால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

எந்த எஃகை எடுத்தாலும் அதன் யங் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் அளவு) ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல்தான். 4130 கூடுதல் பளுவைத் தாங்கும், உண்மை. ஆனால் ஒரே அளவுக் குழாயில் அது 1018-ஐவிட விறைப்பாக நிற்காது. விறைப்பு வருவது விட்டத்திலிருந்தும் சுவர் கனத்திலிருந்தும். 25.4 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. கனமும் உள்ள குழாய் மீட்டருக்குச் சுமார் 1.66 கிலோ. 31.75 மி.மீ. விட்டத்தில் 1.65 மி.மீ. கனம் என்றால் 1.22 கிலோதான், ஆனால் விறைப்பு சுமார் 30 சதவீதம் அதிகம்! இதைப் போர்டில் எழுதிக் காட்டியதும் குரோமோலிப் பேச்சு நின்றது.

சரி, விட்டத்தை ஏற்றிக்கொண்டே போகலாமா? மற்ற வண்டியென்றால் யோசிக்கலாம். கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது, வளைவில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலும் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்தே சுற்றுவதால், வளைவில் உள்பக்கச் சக்கரம் லேசாக மேலெழுந்தால்தான் வண்டி நன்றாகத் திரும்பும். அங்கே ஃபிரேமின் முறுக்கம்தான் ஸ்பிரிங். ரொம்ப இளகினால் சக்கரம் எழாது. ரொம்ப விறைத்தால் மேடுபள்ளத்தில் டயரின் பிடி போய்விடும். தொழில்முறை கார்ட்டுகளில் 30, 32 மி.மீ. குழாய்களும் 2 மி.மீ. கனமும் வழக்கமாக இருப்பதன் காரணம் அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. நாங்களும் 30 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம் என்று முடிவு செய்தோம்.

அதற்கு இன்னொரு காரணம் பெண்டிங். சுவர் மெல்லிய குழாயை வளைத்துப் பார்த்தபோது உள்வளைவு சுருங்கி மடிந்தது. 2 மி.மீ. சுவர், விட்டத்தைப் போல் மூன்று மடங்கு ஆரத்தில் அழகாக வளைந்தது.

கடைக்குப் போகிறவர்கள் விட்டமும் கனமும் அளக்கும் வெர்னியரை மறக்காதீர்கள். 'ஒரு இஞ்ச் பைப்' என்று கேட்டால் தண்ணீர்க் குழாயை எடுத்துக் கொடுப்பார்கள். அதன் வெளிவிட்டம் 33 மி.மீ.க்கு மேல். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம், வெல்டிங் சூட்டில் துத்தநாகப் புகை கிளம்பும், உடம்புக்குக் கெடுதல். ஒரு கடையில் விலை குறைவாகத்தான் சொன்னார்கள், ஆனால் ஆலைச் சோதனைச் சான்றிதழ் இல்லை. என்ன எஃகு என்றே தெரியாத குழாயில் நண்பனை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. சான்றிதழோடு 1018 சீம்லெஸ் (நீளவாக்கில் ஒட்டு இல்லாத) குழாய் கொடுத்த கடையிலேயே வாங்கினோம்.

1018-இல் கரிமம் குறைவு என்பதால் பட்டறையில் இருந்த, வயர் தானாக ஊட்டப்படும் மிக் வெல்டிங்கே போதுமானதாக இருந்தது. ஃபிரேமில் கை வைக்கும் முன் துண்டுக் குழாய்களை டி வடிவில் ஒட்டி, குறுக்கே அறுத்து, உலோகம் உள்வரை உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தோம். அப்படித் தேறிய கரண்ட், வயர் வேக அளவுகளை எழுதி மெஷினிலேயே ஒட்டிவிட்டு, அப்புறம்தான் வேலையைத் தொடங்கினோம்.