ஆறு இலக்கமும் ஏழு நாளும்

இன்று மூன்றாவது நாள். இன்னும் நான்கு நாள்களுக்கு என் கைபேசியில் வாட்ஸ்அப் வேலை செய்யாது. செய்தி அனுப்பிவிட்டு, திமிரில்தான் இவன் பதில் போடாமல் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், என் வழக்கமான திமிர் வேறு, இந்த வாரத்து மௌனம் வேறு என்பதைத் தயவுசெய்து பிரித்தறியவும். என் கணக்கை ஒருவர் பறித்துக்கொண்டார். பறித்தவருக்கு வயது எழுபத்தாறு. பறிக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

எல்லாம் அக்காவின் பேச்சைக் கேட்டதால் வந்த வினை. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1990-இல் முடிவெடுத்து, 1991 முதல் அக்டோபர் 1-ஆம் தேதியை முதியோர் நாளாகக் கொண்டாட வைத்தபோது, அது ஒரு நாள் என் சனிக்கிழமைகளை விழுங்கப்போகிறது என்று யாரும் என்னிடம் எச்சரிக்கவில்லை. "ஒரே ஒரு நாள், மூத்தோர் மையத்தில் நாற்காலி அடுக்கிக் கொடுத்துவிட்டு வா" என்றுதான் அக்கா அனுப்பினாள். அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் தம் கைபேசியை நீட்டி, "எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடு தம்பி" என்றார். ஆக்கிக் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவருக்குப் பின்னால் பதினொரு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் நாற்காலிப் பயிற்சி, கேரம், ரத்த அழுத்தம் பார்த்தல் ஆகியவற்றுக்குக் கீழே 'கைபேசி வகுப்பு' என்று எழுதி, பக்கத்தில் என் பெயரையும் எழுதியிருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அக்காவைக் கேட்டார்களாம்.

தொண்டு செய்ய வந்தவர்களில் நான்தான் வயதில் சிறியவன், எனவே மிகவும் தகுதி குறைந்தவனும் நானே. ரத்த அழுத்த மேசையில் இருப்பவர் ஓய்வுபெற்ற செவிலியர். சோதனைக்கு வருபவர் முதுகைச் சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல், பாதங்களைத் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்த பிறகுதான் அவர் பட்டையைக் கையில் சுற்றுவார். அதுவும் சட்டைக் கையின் மேல் சுற்றமாட்டார். பேசினால் அளவு ஏறிவிடும் என்பது மருத்துவ உண்மைதான் என்றாலும், அந்த ஐந்து நிமிட மௌனத்தை அடக்கிக்கொண்டு முகம் சிவந்து அமர்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது, பேச விட்டாலே குறைந்துவிடுமோ என்று எனக்குத் தோன்றும். கட்டடத்திலேயே அமைதியான இடம் அந்த மேசைதான்.

அடுத்த மேசை காது கேட்கும் கருவிகளுக்கு மின்கலம் மாற்றிக் கொடுப்பவருடையது. வயது எண்பத்து மூன்று. 10 என்றால் மஞ்சள், 312 என்றால் பழுப்பு, 13 என்றால் ஆரஞ்சு, 675 என்றால் நீலம் என்று அந்தப் பொடி மின்கலங்களின் நிற ஒட்டுகளை மந்திரம்போல் ஒப்பிப்பார். அவை காற்றுப்பட்டால் உயிர்பெறும் வகை என்பதால், ஒட்டை உரித்தபின் ஒரு நிமிடமாவது காற்றாட விட்டுவிட்டுத்தான் கருவிக்குள் பொருத்தவேண்டும். அந்த ஒரு நிமிடம் எதிரில் இருப்பவருக்கு எதுவும் கேட்காது. தம் வீட்டு மனிதர்களைப்பற்றி மனத்தில் இருப்பதையெல்லாம் பெரியவர் அந்த ஒரு நிமிடத்தில்தான் கொட்டித் தீர்ப்பார். கருவி காதில் ஏறியதும் "சரியாகக் கேட்கிறதா?" என்று சாந்தமாக விசாரிப்பார்.

ஓய்வூதியக்காரர்கள் தாம் உயிரோடு இருப்பதைத் தாமே மெய்ப்பிக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஒரு மேசை உண்டு. அதைப்பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கே ரத்த அழுத்தம் ஏறும்.

என் வகுப்புக்கு வருகிறேன். பயிற்சிக்காக யாரோ தானமாகக் கொடுத்த நான்கு பழைய கைபேசிகள் மையத்தில் உள்ளன. முதல் வாரம் எழுத்தைப் பெரிதாக்குதல். இரண்டாம் வாரம் ஓடிபி. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றாலும், அரசாங்கத்திலிருந்து பேசுகிறேன் என்றாலும், பெற்ற பிள்ளையே பேசுகிறேன் என்றாலும், கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணை வாய் திறந்து சொல்லக்கூடாது என்று ஒன்றேகால் மணி நேரம் முழங்கினேன். மூன்றாம் வாரம், அந்த எண் தப்பித்தவறிப் போய்விட்டாலும் திருடன் உள்ளே நுழையாதபடி வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, நாமே ஆறு இலக்கத்தில் ஒரு ரகசிய எண்ணை வைத்துக்கொள்வது எப்படி என்று காட்டினேன். அதை எல்லோரும் வீட்டுப்பாடமாகச் செய்துவர வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். நான் செய்திருந்தேனா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் பதிவுக்கு அவசியமே இருந்திருக்காது.

வகுப்பின் முதல் வரிசையில் எக்ஸ்சேஞ்ச் அம்மா உட்காருவார். தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆபரேட்டராக இருந்தவர். 1878-இல் எம்மா நட் என்ற முதல் பெண் ஆபரேட்டர் வேலைக்குச் சேர்வதற்குமுன் அந்த இடத்தில் விடலைப் பையன்களைத்தான் வைத்திருந்தார்கள் என்றும், அவர்கள் வாடிக்கையாளரிடம் வாய்க்கு வந்தபடி பேசியதால்தான் பெண்களைத் தேடிப் போனார்கள் என்றும் அவர்தான் எனக்குச் சொன்னார். சொல்லும்போது என்னை அவர் பார்த்த பார்வையில், பையன்கள் இன்னும் மாறவில்லை என்ற கருத்து இருந்தது. வகுப்பில் அவர் குரல் எழும்பாது. எல்லாவற்றையும் கோடு போட்ட குறிப்பேட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வார், அவ்வளவுதான்.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, அலுவலகத்தில் நான் வேறொரு தலைவலியில் இருந்தபோது, மையத்தின் தரைவழி எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். சலவை செய்து மடித்து வைத்ததுபோல் ஒரு பெண் குரல், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைத்தது: "வணக்கம். மூத்தோர் மையத்தின் தன்னார்வலர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். தங்கள் கைபேசிக்கு இப்போது ஆறு இலக்க எண் ஒன்று வரும். அன்புகூர்ந்து வாசிக்கவும்." அந்தக் குரலில் இருந்த அதிகாரத்தைக் கேட்டிருந்தால் நீங்கள் வீட்டுச் சாவியையே வாசித்திருப்பீர்கள். எண் வந்தது. வாசித்தேன். வாசித்ததோடு விட்டேனா? வேகத்தில் அதற்குக் கீழே இருந்த 'இந்த எண்ணை யாருடனும் பகிர வேண்டாம்' என்ற வரியையும் சேர்த்து உரக்க வாசித்தேன். "மிக்க நன்றி" என்றது குரல். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இரண்டு நிமிடத்தில் என் வாட்ஸ்அப் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. கை நடுங்கியது. அக்காவை அழைத்து, என் பெயரில் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதே, எல்லோருக்கும் சொல்லிவிடு என்றேன். "நீயே கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள், பயப்படாதே" என்றாள். நம் உறவினர்களின் சிக்கனம் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அடுத்து அரைமணி நேரம் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் ஒரு பையனிடம் அவமானப்பட்டுவிட்டு, அவன் சொன்னபடி என் எண்ணை மறுபடி பதிவு செய்து, புதிதாக வந்த குறுஞ்செய்தி எண்ணை உள்ளிட்டேன். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டடுக்குச் சரிபார்ப்பின் ரகசிய எண்ணைக் கொடு என்றது திரை. எனக்கு ஏது ரகசிய எண்? நான்தான் வைக்கவே இல்லையே.

ஏமாந்துபோன ஆசிரியனாக இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று, சனிக்கிழமை வகுப்பை ரத்து செய்யச் சொல்வதற்காக மையத்தை அழைத்தேன். எடுத்தது அதே சலவைக் குரல். பின்னணியில் கேரம் காய்கள் மோதும் சத்தமும் பலர் ஒன்றாகச் சிரிக்கும் சத்தமும் கேட்டன.

"செய்முறைத் தேர்வு தம்பி," என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா, தம் பழைய மெல்லிய குரலுக்குத் திரும்பி. "நாங்கள் வகுப்பில் கவனித்தோமா என்று உங்களுக்குத் தெரியவேண்டாமா? நான்காம் எண் பயிற்சிக் கைபேசியில் உங்கள் கணக்கைத் திறந்தேன். திறந்ததும் முதல் வேலையாக வீட்டுப்பாடத்தையும் செய்துவிட்டேன்."

"அந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கள் அம்மா."

"யாரிடமும் சொல்லக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

கெஞ்சினேன். என் கணக்கு, என் எண், என் குடும்பம் என்றேன். திருடர்களும் அப்படித்தான் பேசுவார்கள் என்று குறிப்பேட்டில் இருக்கிறதாம். கால்மணி நேரக் கெஞ்சலுக்குப் பிறகு மனமிரங்கி, சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டவர், சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "மறந்துவிட்டது" என்றார். எங்கும் எழுதி வைக்கக்கூடாது என்றும் நான்தான் சொன்னேன். அவசரப்பட்டு மறுபடி பதிவு செய்யாமல் இருந்திருந்தால் அவர் கையிலிருந்த கைபேசியிலேயே அந்தச் சரிபார்ப்பை அணைத்திருக்கலாம். நான் குறுஞ்செய்தி எண்ணைத் தட்டிய நொடியில் அவரும் வெளியேற்றப்பட்டுவிட்டார். இனி ஏழு நாள் காத்திருந்தால்தான் ரகசிய எண் இல்லாமல் உள்ளே விடுவார்கள். பாதுகாப்பு அவ்வளவு பலமானது. வகுப்பில் நானே மேசையைத் தட்டிப் புகழ்ந்த ஏற்பாடு.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த அரைமணி நேரத்தில் என் கணக்குக்கு ஒரே ஒரு செய்தி வந்திருக்கிறது: அத்தையின் செய்தி. நம் அத்தையை உங்களுக்குத் தெரியும். நாள்தோறும் ஒரு பூப்படம் போட்டு 'நலமா?' என்று கேட்பார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவேன், பெரும்பாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை. எக்ஸ்சேஞ்ச் அம்மாவோ, "வந்த அழைப்புக்குப் பதில் சொல்லாமல் விடுவது எங்கள் தொழிலில் பழக்கமில்லை" என்பவர். எனவே ஒற்றை விரலால் தட்டி, 'நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இரவில் நன்றாகத் தூங்குகிறீர்களா?' என்று அனுப்பியிருக்கிறார்.

அடுத்த நிமிடமே அத்தை எழுதினாராம்: 'நீ யார்? என் மருமகன் கைபேசி உன்னிடம் எப்படி வந்தது?'

ஆக, தேர்வில் தேறியவர் அத்தை. எந்த வகுப்புக்கும் போகாமல், ஓடிபி என்றால் என்னவென்று தெரியாமல், அந்த ஒரு கேள்வியை நான் கேட்கமாட்டேன் என்ற ஒரே ஆதாரத்தை வைத்துத் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டார். எக்ஸ்சேஞ்ச் அம்மா உடனே குற்றத்தை ஒப்புக்கொண்டு, மையத்தின் எண்ணைக் கொடுத்து, அழைக்கச் சொல்லியிருக்கிறார். அத்தை அழைத்திருக்கிறார். பின்னணியில் நான் கேட்ட சிரிப்பு அதற்கானதுதானாம்.

நேற்று மாலை, ஏழு மணி சுமாருக்கு, அத்தையைக் குரல் அழைப்பில் பிடிக்கலாம் என்று பார்த்தேன். கேட்கவேண்டிய கேள்வியைக்கூட மனத்தில் தயார் செய்துகொண்டேன்: இரவில் நன்றாகத் தூங்குகிறீர்களா. மறுமுனை வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தேன், அதே பதில். எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் எண்ணுக்குப் போட்டேன். அதுவும் வேறொரு அழைப்பில் இருந்தது. எட்டேகாலுக்கு மறுபடி இரண்டுக்கும் போட்டுப் பார்த்தேன்.